மூன்றரைக் கட்டை

போன மாதம் தம்பி தன் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டின் சுருதியை விரல் நுனியால் இழுத்து ஏற்றினான். மறுபடி இழுத்து இறக்கினான். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. "அப்பா, ஒங்க காலத்துல சுருதி தப்பிப் போச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டான். "திட்டு வாங்குவோம்" என்றேன். பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. ஒரு தடவை சுருதி தப்பியது என் தப்பால்தான். அதை வாயால் சொல்ல உட்கார்ந்தால் நீங்கள் இரண்டு பேரும் நடுவில் கேள்வி கேட்டே கதையைக் கலைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பத்தாவது வரைதான்.

பத்தாவதுக்குப் பிறகு அரியலூரில் ஒரு மோட்டார் பட்டறையில் மூன்று வருடம் காயில் என்னும் கம்பிச்சுருள் கட்டினேன். கிணற்று மோட்டார் எரிந்து வரும். பிரித்து, செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துக் கொடுப்போம். அங்கே கற்றுக்கொண்டதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். கரண்ட் ஒரு நொடியில் ஐம்பது தடவை போய்ப் போய் வரும். அதைச் சைக்கிள் என்போம். சில வகை மோட்டார்கள் அந்தச் சைக்கிளைப் பார்த்துத்தான் ஓடும். சைக்கிள் குறைந்தால் மோட்டாரும் மெதுவாகும். வோல்டேஜ் எவ்வளவு இருந்தாலும் சரி.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கப் போனேன். போனவன் அங்கேயே இருந்துவிட்டேன். மாரியம்மன் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா டான்ஸ் கேசட் என்று ஊரில் ஒலிபெருக்கியில் கேட்டதில் பாதி எங்கள் மாடியில் எடுத்ததுதான்.

முதலாளி பெயர் பரமசிவம். நாங்கள் சார் என்போம். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சாதாரணமாக இருந்தால் "டேய் தொர" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "சின்னதொர, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று அவர் சொன்னால் அன்றைக்கு நமக்கு நல்ல நாள் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. ஒரு பாடகர் மப்பில் வந்தபோது, "ஐயா, தாங்கள் இன்னொரு நாள் எழுந்தருளணும்" என்றாராம். அந்த மனிதர் அதற்கப்புறம் குடித்துவிட்டு எங்கள் படி ஏறியதில்லை.

எங்களிடம் நான்கு தடம் உள்ள ஒரு சுருள் டேப் மெஷின் இருந்தது. நான்கு தடம் என்றால், கீபோர்டை இரண்டு தடத்தில் பதிவு செய்துவிட்டு, இன்னொரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே பாடகரை மூன்றாவதில் பாட வைக்கலாம். காலையில் அந்த மெஷினுக்கு நான் செய்யும் வேலையில் ஒரு படிகூடக் குறையக்கூடாது. குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசிப் போகும் இடத்தைத் துடைக்க வேண்டும். முதல் பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வரும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். வெள்ளைப் பஞ்சை சாரிடம் காட்ட வேண்டும். அவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குப்பைத்தொட்டியில் போடுவார். அதுதான் உத்தரவு.

அப்புறம் நோட்டு. சுருள் எண், பாட்டு, கட்டை, வாசித்தவர், கரண்ட் என்று ஐந்து கட்டம். கரண்ட் என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் 'லைன்' என்று, அதாவது கம்பத்துக் கரண்ட் என்று, எழுத வேண்டும். அதில் வேறு எதையும் எழுத வேலையே இல்லை. ஏனென்றால் ஜெனரேட்டர் ஓடும்போது டேப் ஓடக்கூடாது என்பது சாரின் சட்டம். "லைட்டு எரியட்டும், ஃபேன் ஓடட்டும். டேப் மட்டும் ஓடக்கூடாது. ஜெனரேட்டர் கரண்ட் சுத்தமில்ல" என்பார். வோல்டேஜ் ஏறி இறங்கி மெஷின் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பின்னால் யோசித்தால், அவருக்கும் முழுக் காரணம் தெரிந்திருக்காது.

கட்டை என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரை. ஒன்றரை, இரண்டரை, நாலரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று உலகத்தில் ஒன்று இல்லை. புதிதாக வேலைக்கு வரும் ஆளை, "போய் மூன்றரைக் கட்டைக்கு ஒரு பெட்டி வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்பிச் சிரிப்பது எங்கள் தொழிலில் உண்டு. நானும் போயிருக்கிறேன்.

இனி நஜீம் பாய்.

லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் மாமாவின் கடையில் துணி மடிக்கப் போனவர். கடைக்கு எதிரில் ஒரு ஹோட்டல். அங்கே கீபோர்டு வாசித்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம், கடை சாத்திய பிறகு தினமும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது ஜாஸ். அதோடு நம் ராகத்தையும் கலந்து வாசிப்பார். "அதுக்கு ஃப்யூஷன்னு பேரு அண்ணே" என்றார் என்னிடம். சார் உள்ளே இருந்தபடியே, "பியூஸு போற விஷயமெல்லாம் தொரகிட்ட சொல்லுங்க பாய், அவன்தான் கட்டுவான்" என்றார்.

மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் அவருக்கு லீவு. அந்த நாற்பது நாளில் தன் பெயரில் ஒரு கேசட் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று, துபாயிலிருந்து கீபோர்டைத் துணி மூட்டைபோலக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இதெல்லாம் பிடிக்காது. "இந்த லீவோட இத முடிச்சிடு. அடுத்த தடவ வரப்ப நிக்காஹ், அப்பறம் தனிக்கடை" என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு இருந்தது அந்த ஒரு லீவுதான்.

கேசட்டில் எட்டு உருப்படி. உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கேசட் ஒரே சீராக இல்லை. திருச்சியில் கேசட் எடுத்து விற்கிறவர், "பாட்டு இல்லாம வெறும் வாசிப்ப எவன் வாங்குவான்? ஒரு பக்கம் பாட்டுப் போடு" என்று சொல்லிவிட்டார். அதனால் முதல் பக்கத்தில் நாலு பாட்டு. அம்மாவைப் பற்றி ஒன்று, காதலுக்கு இரண்டு, காலேஜ் பையன்கள் ஆடுவதற்கு ஒன்று. பாய்க்கு அதில் பாதி மனசுதான். கல்யாண பேண்டுபோலச் சுலபமாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று துபாயில் கற்றதை நுழைப்பார். பொங்கலில் கல் கடித்த மாதிரி இருக்கும். காலேஜ் பாட்டை எப்படி முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. முடிக்கத் தெரியாத பாட்டின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துக் கரைத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்படியே கரைத்தோம்.

இரண்டாம் பக்கத்தில் நாலு வாசிப்பு. அதில் இரண்டு, விரல் வேகத்தைக் காட்டுவதற்காக வாசித்ததுபோல எனக்குப் பட்டது. மூன்றாவது பரவாயில்லை. நாலாவதுதான் இந்தக் கதை.

அது ஒரு வியாழக்கிழமை. சார் டேப் வாங்கத் திருச்சி போயிருந்தார். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டி லைட்டும் ஃபேனும் போட்டுவிட்டு, லைன் வரட்டும் என்று காத்திருந்தோம். பாய் சும்மா கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் சுருள் மாட்டித் தயாராக இருந்தது.

தட்டிக்கொண்டே இருந்தவர் எப்போது வாசிக்க ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இடது கை ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தது. வலது கை எங்கோ வெளியில் போய், தொலைந்துவிட்டதோ என்று நாம் நினைக்கும்போது வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது. எனக்கு இசை தெரியாது. ஆனால் பட்டறையில் ஒரு மோட்டார் சரியாக ஓடினால் கை வைத்தாலே தெரியும். அந்த மாதிரி தெரிந்தது. அவர் முதல் சுற்றை முடித்து மறுபடி ஆரம்பிக்கும்போது, நான் யோசிக்காமல் பதிவு பட்டனை அழுத்திவிட்டேன்.

நாலரை நிமிடம். நடுவில் இரண்டு நிமிடம் பின்னணியை மட்டும் வாசித்து, குழலுக்கு இடம் விட்டிருந்தார். முடித்ததும் நிமிர்ந்து, "எடுத்தீங்களாண்ணே?" என்றார். எடுத்தேன் என்றேன். திருப்பிப் போட்டுக் கேட்டோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ். இது நானாண்ணே?" என்றார்.

நோட்டை எடுத்தேன். கரண்ட் என்ற கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. ஜெனரேட்டர் என்று எழுதினால் சார் அந்தப் பதிவை அழிக்கச் சொல்வார். 'லைன்' என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன். திருப்பிப் போட்டபோது நன்றாகத்தானே இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருப்பிக் கேட்டபோதும் ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழல் வாசிக்க ராமலிங்கம் வந்தார். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஃபேக்டரியில் வேலை. கோயில் கச்சேரிகளிலும் வாசிப்பவர். அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் காலையில் வந்திருந்தார். பன்னிரண்டே கால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நஜீம் பாய்க்கு மறுநாள் விடிந்தால் திருச்சியில் விமானம். ஆக அந்த ஒரு காலைதான் இருந்தது.

ராமலிங்கம் தன் நீளப் பையை அவிழ்த்தார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல். பாய் வாசித்திருந்த மூன்றாம் கட்டைக்கான குழலை எடுத்து உதட்டில் வைத்தார். நான் டேப்பை ஓட்டினேன். இரண்டு விநாடிக்குள் குழலை இறக்கிவிட்டார்.

"டேப்பு மேல நிக்குதுங்க."

நாலாம் கட்டைக் குழலை எடுத்தார். வைத்தார். இறக்கினார்.

"இப்பக் கீழ நிக்குது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குதுங்க சார்."

சார் சிரித்தார். "என்னங்க, மூன்றரைக் கட்டையா?"

"என் பையில எல்லாக் கட்டைக்கும் கொழல் இருக்கு. அதுக்கு மட்டும் ஆண்டவனே மூங்கில் படைக்கலிங்க" என்றார் ராமலிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டேப் மெஷினில் இருப்பது சைக்கிளைப் பார்த்து ஓடும் மோட்டார். வியாழக்கிழமை எங்கள் ஜெனரேட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததை லைன் கரண்டில் ஓட்டினால், வேகம் கூடி, சுருதி ஏறும். பட்டறையில் மூன்று வருடம் காயில் கட்டியவன் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாய் கீபோர்டைச் சரிபார்த்தார். அது சரியாக இருந்தது. ராமலிங்கம் குழலைத் திருப்பி, உதட்டை மடக்கி வாசித்துப் பார்த்தார். காய்ச்சல்காரன் முனகுவதுபோல வந்தது. "கீபோர்டுலயே கொழல் சத்தம் இருக்குல்ல பாய், டியூனிங்க இழுத்து வெச்சு நீங்களே ரொப்பிடுங்களேன்" என்றார் சார். பாய் தலையாட்டினார். "அது ப்ளாஸ்டிக் சார். அதுக்கு அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

சரி, புதிதாகவே வாசித்துவிடலாம் என்று பாய் உட்கார்ந்தார். மூன்று தடவை எடுத்தோம். விரல் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் அன்றைக்கு வாசித்த ஆள் வரவில்லை. மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, "வரலண்ணே. அது போயிடுச்சு" என்றார் என்னைப் பார்த்து. மணி பத்தரை.

சாருக்கு எரிச்சல் ஏறிவிட்டது. ராமலிங்கம் பக்கம் திரும்பி, "தாங்கள் வெயில்ல பஸ்ஸுல வந்தீங்க. கொழல் சூடேறியிருக்கும். நல்ல கொழலா எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றார். மரியாதை கூடிவிட்டது.

ராமலிங்கம் பையை எடுத்து மடியில் வைத்தார். குழலைத் துண்டால் துடைத்தார். துளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். அடுத்ததை எடுத்துத் துடைத்தார். பை நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

அந்த நாடாவை அவர் கட்டி முடித்திருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேனோ என்னவோ. இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

"சார், கொழல் மேல தப்பில்ல. அந்த டேக் ஜெனரேட்டர்ல எடுத்தது."

சார் நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். "லைன்னு இருக்கே."

"நான்தான் சார் அப்படி எழுதுனேன்."

"ஆமா, அன்னைக்குக் கரண்ட் இல்ல" என்றார் பாய். "அதுக்கென்னண்ணே?"

நான் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். ராமலிங்கம் நாடாவைப் பிடித்தபடியே கேட்டுவிட்டு, "அட, சைக்கிள் பஞ்சரானதுக்கு என் கொழல ஏன்யா குத்தம் சொன்னீங்க?" என்றார்.

சார் நோட்டை மூடினார். "சின்னதொர, நீங்க உக்காருங்க" என்றார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பாப்பா, நீ அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், திருப்பியும் ஜெனரேட்டர்ல ஓட்டுனா சரியாயிடும். அன்னைக்கு ஓடுன அதே வேகத்துல."

"அதான் எஞ்சின் மெக்கானிக்கு சனிக்கெழம வந்து வேகத்தச் சரி பண்ணிட்டுப் போயிட்டானே."

"நான் திருப்பியும் கெடுத்துடுறேன் சார்."

பாய்தான் முதலில் சிரித்தார்.

ஜெனரேட்டர் கீழே கொல்லையில் இருந்தது. ஒற்றை சிலிண்டர் டீசல். வேகத்தைப் பிடித்துவைக்க ஒரு ஸ்பிரிங்கும், அதை இறுக்கித் தளர்த்த ஒரு திருகும் உண்டு. மாடியில் டேப் மெஷினை ஜெனரேட்டர் கரண்டுக்கு மாற்றினோம். பாய் கீபோர்டில் மூன்றாம் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீபோர்டின் சுருதி கரண்டைப் பார்த்து மாறாது. டேப்பில் அதே சுரம் நீளமாக வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாகும்வரை நான் கீழே திருகைத் திருக வேண்டும். ஆனால் எஞ்சின் சத்தத்தில் எனக்கு மாடியில் நடப்பது ஒன்றும் கேட்காது. அதனால் சார் ஜன்னலில் நின்று கையால் சொல்வது என்று முடிவாயிற்று.

ஸ்டார்ட் பண்ணினேன். பக்கத்து மாவு மில் அக்கா வேலியோரம் வந்துவிட்டார்.

"ஏன் தொர, கரண்ட் இருக்குதே? எதுக்குடா இத ஓட்டுற?"

"பாட்டுக்குக்கா."

"பாட்டு டீசல்லயா ஓடுது?"

"இன்னைக்கு ஒருநா டீசல்ல ஓடுதுக்கா."

"நல்லா ஓட்டுனீங்க போ. கரண்ட் இல்லாதன்னைக்கு எனக்கு ஒரு வயரு இழுத்து வுடச் சொன்னா மட்டும் முடியாது" என்று திட்டிக்கொண்டே அங்கேயே நின்றார்.

இரண்டு சுரங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, ஒன்றாகாமல் இருந்தால், நடுவில் ஓர் அலை அடிக்கும். தம்பி, உனக்கு இது தெரியும். நெருங்க நெருங்க அலை நீளமாகும். சேர்ந்ததும் அலை நின்றுவிடும். சார் அதைத்தான் கையில் காட்டினார். முதலில் அவர் கை விசிறிபோலப் படபடத்தது. நான் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். எஞ்சின் சத்தம் கனத்தது. கை கொஞ்சம் நிதானமாயிற்று. இன்னொரு கால் சுற்று. கை தொட்டில் ஆட்டுவதுபோல ஆடியது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன், மறுபடி படபடத்தது. தாண்டிவிட்டேன். திருப்பி இறுக்கினேன், ஒரு மயிரிழை. கை நீளமாக, மெதுவாக, தூங்கப் போகும் குழந்தையைத் தட்டுவதுபோல வந்து வந்து, அப்புறம் காற்றில் அப்படியே நின்றது.

நான் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு மூச்சு விட்டேன். "ஆடாத, அசையாத" என்று வாயசைத்துவிட்டு சார் உள்ளே போய்விட்டார்.

ஒரு லைட்டையோ ஃபேனையோ யாராவது போட்டால் எஞ்சினுக்குச் சுமை மாறி வேகமும் மாறிவிடும். மேலே மூன்று பேரும் ஃபேன் இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராமலிங்கம் எப்போது வாசிக்க ஆரம்பித்தார், எப்போது முடித்தார், எனக்குத் தெரியாது. நாலரை நிமிடம் எனக்குக் கேட்டது டப டப டப என்ற சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு டப்புக்கும் நடுவில் தடுக்குமோ என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். மாவு மில் அக்காகூடப் பேசவில்லை.

ஜன்னலில் சார் தலை தெரிந்தது.

"டேய் தொர! நிறுத்தித் தொலைச்சிடாதடா! கலந்து எடுக்கணும், இன்னொரு தடவ ஓடணும்!"

அவர் வாயிலிருந்து வந்த அந்த 'டேய்' எனக்குப் போதுமாக இருந்தது. வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். அக்கா, "என்னடா, பாஸா?" என்றார்.

"பாஸுக்கா."

தடங்களை எல்லாம் கலந்து மாஸ்டர் கேசட்டில் ஏற்றினோம். அந்த கேசட் டெக்கின் மோட்டார் வேறு வகை, சைக்கிளைப் பற்றிக் கவலைப்படாது. அதனால் அதில் ஏறியது சரியான சுருதியில் நின்றுவிட்டது. அப்புறம்தான் எஞ்சினை நிறுத்தினேன். மேலே போனபோது சார் ராமலிங்கத்தின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். "வாங்க, பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வரேன்" என்று சொல்லித் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. வழியில் வேண்டாம் வேண்டாம் என்று ராமலிங்கம் சொல்லியும் கேட்காமல், பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தாராம்.

திரும்பி வந்தவர் நோட்டை என் முன்னால் வைத்தார். "அடிச்சிட்டு எழுது." 'லைன்' என்பதை அடித்து 'ஜெனரேட்டர்' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். "இனிமே ஜெனரேட்டர்ல எடுத்தா எடு. ஆனா எழுது" என்றார். அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். சட்டமும் அன்றோடு மாறிவிட்டது.

பாய் சாயந்தரம் கிளம்பும்போது ஒரு பிரதி கேசட்டை என் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க எழுதுனது தப்புதாண்ணே. ஆனா பட்டன அழுத்துனது தப்பில்ல" என்றார். "எங்க அத்தா இந்தக் கடைசிய மட்டும் முழுசாக் கேட்டாருன்னா போதும், இன்ஷா அல்லாஹ்." கீபோர்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். பிற்பாடு தனிக்கடை வைத்தார் என்றும், ராத்திரியில் கடைக்குள் வாசிப்பார் என்றும் கேள்விப்பட்டேன். அத்தா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா தூளியில். டேப் ரெக்கார்டரில் கேசட்டை இரண்டாம் பக்கமாகப் போட்டு, கடைசி உருப்படிக்கு ஓட்டினேன். குழலோடு சேர்ந்து அதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. பாயின் இடது கை நடந்தது. வலது கை வெளியில் போனது, வந்தது. இடம் காலியாயிற்று. குழல் உள்ளே வந்தது, மூன்றாம் கட்டையில், ஒரு மயிரிழை பிசகாமல்.

"என்னங்க, மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

முழுக்கதையையும் சொன்னேன். நோட்டில் பொய் எழுதியதையும் சேர்த்து. அவள் உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள்.

"அப்ப வேலயவுட்டு எடுக்கலயா?"

"எடுக்கல."

"மொதல்ல அதச் சொல்றதுக்கென்ன? சரி, மொத பக்கத்துல என்ன இருக்கு, போடுங்க கேப்போம்."

திருப்பிப் போட்டேன். காலேஜ் பாட்டு வந்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. திரும்பப் போடச் சொன்னாள். அந்தக் கேசட்டிலேயே மட்டமான பாட்டு அது. முடிக்கத் தெரியாமல் நானே கரைத்துவிட்டது. அன்றைக்கு அதை நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் நன்றாகத்தான் இருந்தது.